டெட்ராய்ட்டை மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் 1994-இல் நெட்வொர்க் மாறிய (அதாவது, ஒரு தேசிய ஒளிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சிகளை விட்டு இன்னொன்றின் நிகழ்ச்சிகளுக்குத் தாவிய) கதையை உங்கள் இதழில் படித்தேன். அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு உரிமையைக் கைப்பற்றிய ஃபாக்ஸ் நெட்வொர்க், நியூ வேர்ல்டு நிறுவனத்தின் நிலையங்களைத் தன் பக்கம் இழுத்ததை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் டெட்ராய்ட் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

அங்கே சிபிஎஸ் நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பி வந்த டபிள்யூஜேபிகே நிலையம் ஃபாக்ஸுக்குப் போய்விட, வேறு வழியில்லாத சிபிஎஸ், 62-ஆம் அலைவரிசையான டபிள்யூஜிபிஆரை 2.4 கோடி டாலருக்கு விலை பேசியது. கறுப்பினத்தவரே சொந்தமாக நடத்திய நிலையம் அது. 1975-இல் தொடங்கியபோது அமெரிக்கப் பெருநிலத்தில் அப்படிப்பட்ட முதல் நிலையமும் அதுதான். வாங்கிய சிபிஎஸ் அங்கே முழுமையான செய்திப் பிரிவை அமைத்ததோ 2023-இல்தான்! இத்தனை ஆண்டுகள் அந்த நகரம் இழந்தது கொஞ்சமா? நிலையத்தை நிறுவிய வழக்கறிஞர் வில்லியம் பேங்க்ஸ் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, மதுரை