தேர்வு நேரத்துத் தாடை வலி

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் மாணவர்களின் தூக்கம், சாப்பாடு, கண் எரிச்சல் பற்றியெல்லாம் கட்டுரைகள் வருகின்றன. தாடையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மாதிரித் தேர்வு நடக்கும் வகுப்பில் நின்று பாருங்கள். கணக்கில் சிக்கிய பிள்ளையின் கன்ன ஓரத்தில், காதுக்குக் கீழே தசை புடைத்துப் புடைத்து அடங்கும். உணவை மெல்லுவதற்கான தசை அது. மனம் பதறினால் வாயில் ஒன்றும் இல்லாமலே இறுகிக்கொள்கிறது. வாயும் வறண்டுபோகும். சிலருக்கு இரவிலும் ஓய்வில்லை, பல் நறநறவென்று அரைபடும். வீட்டில் உடனே "வயிற்றில் பூச்சி" என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். பூச்சி மருந்து நல்லதுதான், ஆனால் பல் கடிப்பதற்கு மருந்து அதுவல்ல.

காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டில் வலி, கொட்டாவி விட்டால் தாடையில் 'கடக்', காரணம் தெரியாத காதுவலி (தாடை மூட்டு காதுக்கு முன்னால்தானே இருக்கிறது) என்றால் பல் மருத்துவரிடமும் காட்டலாம். தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் பல் உறை பல் தேய்வதைத் தடுக்கும், பதற்றத்தைக் குறைக்காது. அதற்கு மதிப்பெண் பேச்சை ராத்திரிச் சாப்பாட்டோடு பரிமாறாமல் இருந்தாலே பாதி நிம்மதி.

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இயல்பு. உடற்கல்வி வகுப்பில் (கணக்குப் பாடத்துக்குப் பறிபோகாமல் இருந்தால்) இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். கல்வித்துறை கவனிக்குமா?

– ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்