நெடுந்தீவுக் குதிரை கத்துவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'இன்றைய ஆங்கிலச் சொல்' என்ற பெட்டிக்குள் 'நே' (neigh) என்ற வினைச்சொல்லைப் போட்டிருந்தீர்கள். உச்சரிப்பு 'நெய்க்' என்றும், பொருள் 'குதிரை, கழுதை முதலியன கத்துதல்' என்றும் இருந்தது. இரண்டும் பிழை.

தரம் 7இல் படிக்கும் என் பேத்தி அதை அப்படியே பாடமாக்கி, திங்கட்கிழமை வகுப்பில் எழும்பி நின்று 'நெய்க்' என்று வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். பின்னேரம் வந்து என்னிடம் கேட்டாள்: "அப்பப்பா, பேப்பரில அப்பிடித்தானே போட்டுக் கிடக்கு?" 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். பேப்பரை நம்பாதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்தச் சொல்லில் ஜீயும் எச்சும் ஒலிக்காத எழுத்துகள். அயலவரைக் குறிக்கும் 'நேபர்' என்ற சொல்லின் முதல் ஐந்து எழுத்தும் இவையேதான். அதை யாராவது 'நெய்க்பர்' என்கிறார்களா? இது உங்களுக்குத் தெரியாததல்ல.

கழுதைக்கு ஆங்கிலத்தில் 'ப்ரே' என்று தனிச்சொல் இருக்கிறது. (செபிப்பதற்கான சொல்லையும் தமிழில் இப்படித்தான் எழுத வரும், ஆனால் அது வேறு.) ஒருவர் காது கூசச் சிரித்தாலும் அந்தச் சொல்லைப் போடுவார்கள், அவருக்கு அது பெருமையல்ல. ஆட்டுக்கும் செம்மறிக்கும் 'ப்ளீற்'. ஓயாமல் முனகி முறையிடுபவரையும் அப்படிச் சொல்வதுண்டு. குதிரை மெல்லிய குரலில் கனைத்தால் 'வின்னி', உரத்துக் கனைத்தால் 'நே'.

தமிழில் கனைப்பதற்குக் குதிரைதான் வேண்டும் என்றில்லை. கன்றை நினைத்த எருமையும் கனைக்கும். படலையடியில் வந்து நிற்பவர், தான் நிற்பதைக் காட்டத் தொண்டையைக் கனைப்பார். ஆங்கில 'நே' குதிரையோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதியிருந்தால் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் சேர்ந்து விளங்கியிருக்கும். 1862இல் அச்சான வின்சிலோ பாதிரியாரின் பெரிய தமிழ் ஆங்கில அகராதிக்கு வேலை தொடங்கியது இந்த யாழ்ப்பாணத்தில்தான். அந்த மண்ணிலிருந்து வரும் பத்திரிகையில் இப்படி ஒரு பெட்டியைப் பார்க்க மனம் நோகிறது.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. விடியப்புறத்தில், கல்வேலிக்கு அப்பால், கூட்டத்தைத் தவறவிட்ட ஒன்று கனைக்கும். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து இன்னொன்று பதிலுக்குக் கனைக்கும். அது எந்தத் திசை என்று அம்மா குசினிக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவா. அந்தக் குரலைக் 'கத்துதல்' என்று எழுத எனக்குக் கை வராது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் குதிரைகளின் படத்தைப் போட்டு, கீழே 'நெடுந்தீவுக் கழுதைகள்' என்று எழுதியிருந்தீர்கள். கழுதைகள் தெருவில் திரிவது மன்னாரில். அப்போதும் கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. வரட்சியில் அவை தண்ணீருக்கு அலைவதைப் பற்றி எழுதியதற்கும் அதே கதிதான்.

அப்புறம் அந்த ஆங்கிலப் பக்கம். முழுப் பக்கமாக வந்தது அரைப் பக்கமாகி, இப்போது ஒரு பெட்டிக்குள் வந்து நிற்கிறது. மரண அறிவித்தல்களை நான் குறை சொல்லவில்லை, அவை தேவை. காணி விற்பனை விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குத்தான் இல்லை. ரியூசனுக்குக் காசு கட்ட இயலாத வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பெட்டியை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறார்கள். என் பேத்தியும் ஒட்டித்தான் வைத்திருக்கிறாள்.

வருகிற ஞாயிறு அதே இடத்தில், அதே அளவு பெட்டியில், 'நே: குதிரை கனைத்தல்' என்று சரியாகப் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் சின்ன எழுத்தில் வேண்டாம். பிழையானதன் மேல் அதை ஒட்டிக்கொண்டு அவள் வகுப்புக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.