மூளை மேல பழியப் போட்டுட்டா தப்பு இல்லன்னு ஆயிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல வந்த 'சுய விருப்பம் ஒரு மாயை' கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கார், ஆனா நமக்குத் தோணறதுக்கு முன்னாடியே மூளை முடிவு பண்ணிடுது, அதனால யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அதனால நல்லது கெட்டதுங்கறதே நாம கட்டிவிட்ட கதைன்னு மூணையும் ஒரே மூச்சுல தாண்டிட்டார் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

அவர் முழுசா நம்பியிருக்கறது 1983ல பெஞ்சமின் லிபெட்ங்கற மூளை ஆராய்ச்சியாளர் பண்ண சோதனைய. எப்ப தோணுதோ அப்ப மணிக்கட்ட அசைங்கன்னு சொல்லி, அசைக்கணும்னு தோணுன நேரத்தயும் குறிச்சுக்கிட்டாங்க. தோணுனது அசைவுக்கு சுமார் 200 மில்லிசெகண்ட் முன்னாடி, ஆனா மூளையில சிக்னல் ஏற ஆரம்பிச்சது 550 மில்லிசெகண்ட் முன்னாடியே. சரி, ஆச்சரியம்தான். ஆனா கடைசி நேரத்துல 'வேணாம்'னு நிறுத்துற சக்தி நமக்கு இருக்குன்னு லிபெட்டே சொன்னாரே, அத கட்டுரையாளர் ஏன் விட்டுட்டார்? 2012ல ஆரன் ஷர்கர்ங்கற இன்னொரு மூளை ஆராய்ச்சியாளரோட குழு வேற விளக்கம் சொல்லுச்சு, அந்த சிக்னல் முடிவே இல்ல, மூளையில சும்மா ஏறி இறங்கற இரைச்சல் ஒரு அளவ தொட்டதும் அசைவு வருது, அசைவு வந்த தடவைகள மட்டும் எடுத்து அங்கேர்ந்து பின்னோக்கி சராசரி போடறதால முன்னாடியே திட்டம் போட்ட மாதிரி தெரியுதுன்னு. அதுவும் இல்லாம மணிக்கட்ட அசைக்க காரணமே வேணாம்ங்க. பொய் சாட்சி சொல்லலாமா வேணாமான்னு ராத்திரி பூரா புரண்டு படுக்கறதும் இதுவும் ஒண்ணா?

சரி, எல்லாத்துக்கும் முன்காரணம் இருக்குன்னே வச்சுக்குவோம் (நானும் பாதி அப்படித்தான் நினைக்கறேன்). 1966ல டெக்சாஸ் யுனிவர்சிட்டி டவர்லேர்ந்து ஜனங்கள சுட்டவனுக்கு மூளையில கட்டி இருந்துச்சுன்னு பிரேத பரிசோதனையில தெரிஞ்சது. அதுதான் காரணமான்னு இன்னும் வாக்குவாதம் ஓடுது, ஆனாலும் கட்டின்னதும் நாம கொஞ்சம் தயங்கறோம்ல? காரணம் இருக்கறதாலயே பழி போயிடும்னா கட்டி இருந்தா என்ன இல்லாட்டி என்ன, எல்லாரும் ஒண்ணுதான். அப்ப நாம பாக்கறது வேற, எடுத்துச் சொன்னா கேட்டு மாத்திக்கற நிலையில அந்த ஆள் இருந்தானாங்கறத.

நல்லது கெட்டது வெறும் ஊர் வழக்கம்ங்கறதும் நிக்காது. அடிமை முறைய அமெரிக்கா 1865ல தான் சட்டம் போட்டு ஒழிச்சுது. அதுக்கு முன்னாடி அது தப்புன்னு கத்துனவங்க ஊர் வழக்கத்துக்கு எதிரா நின்னவங்க, அப்ப தப்பு பண்ணது அவங்களா? யாரும் அப்படி சொல்ல மாட்டோம். அந்த சரி எங்கேர்ந்து வருதுன்னு என்ன கேட்டா முழுசா பதில் இல்லதான், ஆனா ஓட்டுப் போட்டு வர்றதில்ல.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு கேள்வி, முடிஞ்சா அவர் பதிலயும் போடுங்க. 'தன் கையில இல்லாத விஷயத்துக்கு ஒருத்தன தண்டிக்கறது அநியாயம்'னு முடிச்சிருக்கார். நியாயமே கட்டுக்கதைன்னா இந்த அநியாயம் மட்டும் எப்படிங்க நெஜமாச்சு?

இப்படிக்கு,
ஒரு வாசகர்