ஜீப் ஏறுவதற்கு முன்னால் ஒருநாள் நடந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன நீண்ட விடுமுறையில் எங்கள் தோட்டத்துக்கு மேலே, தேயிலை காடாகிப் போன பழைய டிவிசனுக்குள் (தோட்டத்தின் ஒரு பிரிவு அது) ஏழெட்டு ஜீப்புகள் ஏறின. முதல்நாள் இரவு நல்ல மழை. சேற்றில் சக்கரம் சுற்றச் சுற்றத்தான் அந்த விளையாட்டில் ருசி என்கிறார்கள், சரி. அவர்கள் போனபிறகு ஏறிப் பார்த்தேன். மானாப்புல்லுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடம், ஒன்றின் ஓரத்தில் பானைக் கழுத்துத் துண்டு ஒன்று, கொஞ்சம் தள்ளிப் புரண்டு கிடந்த ஒரு தலைமாட்டுக் கல். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து ஆட்களைப் புதைத்த இடம் அது என்று எங்கள் அப்பாயி சொல்வார். பெயர் எழுதிய கல் ஒன்றுகூட அங்கே கிடையாது. எழுதிவைக்க யார் இருந்தார்கள்?

இப்போது இந்தப் பக்கம் ஜீப் ஓட்டத்துக்கென்றே பாதை போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நான் அதற்கு விரோதி இல்லை. வழிகாட்டப் போகிற லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பையன்கள் நாலு காசு பார்க்கிறார்கள், தோட்டச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதை எதன் மேல் போகிறது என்று முதலில் யாராவது பார்க்க வேண்டாமா?

நமது இலங்கைத் தொல்பொருள் சட்டம் 1940இல் வந்தது. பழமை என்று அது எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை, அதாவது கண்டி அரசு வெள்ளைக்காரர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் தேதிக்கு முந்தியவற்றை. நம்மவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்ததே அதற்குப் பிறகு. ஆக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த பாதை, முதல் லயங்கள், இடுகாடுகள் எல்லாமே அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுகின்றன. தனியாக வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்தால்தான் பாதுகாப்பு உண்டு.

அதைவிடப் பல ஆயிரம் வருடம் பழையதும் இங்கே காலடியில் கிடக்கிறது. பண்டாரவளைக் குன்றுகளில் படிகக் கல்லில் செதுக்கிய நகத்தளவுக் கருவிகளை ஆய்வாளர்கள் நூறு வருடத்துக்கு முன்பிருந்தே கண்டெடுத்திருக்கிறார்கள். புல்மேட்டில் இவை பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடக்கும், டயர் ஒருமுறை உழுதுவிட்டால் எந்தக் கல் எங்கே எதோடு கிடந்தது என்ற கணக்கே போய்விடும், அப்புறம் ஒக்டோபர் மழை அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போகும்.

கலிபோர்னியாவில் ஜீப், மோட்டார் சைக்கிள் ஓட்டவென்றே மாநில அரசு பூங்காக்கள் நடத்துகிறது. அதில் கார்னகி என்ற பூங்காவை விரிவாக்க 1990களில் பக்கத்து நிலத்தை மூவாயிரம் ஏக்கர் அளவில் வாங்கினார்கள். டெஸ்லா என்று அந்த இடத்துக்குப் பெயர் (கார்க் கம்பெனியின் இடமில்லை). பூர்வகுடிகளின் பழைய இடங்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊரின் மிச்சங்களும் அங்கே இருந்தன. அக்கம்பக்கத்தார் வருடக்கணக்கில் விடாமல் எதிர்த்தார்கள், 2021இல் அங்கே வண்டி ஓட்ட விடுவதில்லை என்று முடிவானது. சுரங்கத்துக்காரன் இருந்து இடிந்த ஊருக்கு அந்த மரியாதை! படித்தபோது நம் லயங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கேட்பது பெரிய காரியமில்லை. பாதைக்கு அனுமதி கொடுக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தில் ஒருவர், கிராம உத்தியோகத்தர், தோட்டத்துப் பழைய ஆட்கள் ரெண்டு பேர் சேர்ந்து அந்த வழியை ஒருநாள் நடந்து பார்க்கட்டும். கண்ட இடத்தில் பலகை நட்டு ஊருக்குச் சொல்லவும் வேண்டாம், மறுவாரமே புதையல் தோண்ட ஆள் வந்துவிடும். பாதையைச் சத்தமில்லாமல் வேறு பக்கம் வளைத்து, பழைய தடத்தின் வாயில் ரெண்டு பாறாங்கல்லை உருட்டிப் போட்டால் போதும். மழை பெய்து மண் ஊறியிருக்கிற நாளில் ஓட்டம் கூடாது என்றும் ஒரு விதி வைக்கலாம். ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும், எது எங்கே என்று கை நீட்டிக் காட்டக்கூடியவர்கள் எங்கள் டிவிசனில் மூன்றே பேர்தான் மிச்சம்.

புரண்ட தலைமாட்டுக் கல்லை நானும் தம்பியும் நிமிர்த்தி வைத்தோம். அப்பாயிக்கு முழங்கால் முடியாது, அதனால் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். "இங்க இல்லடா, அந்தக் கொய்யா மரத்துக்குக் கீழ" என்றார். கொய்யா மரத்தையும் ஜீப் சாய்த்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாசகன், பண்டாரவளை