பிரெஞ்சுக்குத் தண்டப்பணம் இல்லை: பெற்றோருக்குத் தமிழ்ப் பாடசாலை அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

லாஃபொன்டேன் என்றதும் மொன்றியலில் வாகனம் ஓட்டும் நமக்கு நினைவுக்கு வருவது சுரங்கப்பாதைதான். காலையில் வானொலி அந்தப் பெயரைச் சொன்னால் வேலைக்குப் பிந்தப்போகிறோம் என்று அர்த்தம். 2022இல் திருத்த வேலை தொடங்கிப் பாதி வழியை மூடிய பிறகு, தென்கரையில் அந்தப் பெயரைத் திட்டாத வீடே இருக்காது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான அரசியல்வாதி யாரென்று சென்ற சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். "டனல் கட்டினவர், சேர்" என்றான் ஒருவன். பாவம், மனிதர் கண்ணை மூடியது 1864இல். சுரங்கம் திறந்தது 1967இல்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நான்காம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை லாஃபொன்டேன் பூங்காவுக்கு, அங்குள்ள அவருடைய சிலையைப் பார்க்க அழைத்துப் போகிறோம். அதைச் சொல்லத்தான் கடிதம். ஆனால் உங்களில் சிலர் கையெழுத்திட்டுத் தந்த விண்ணப்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இடைவேளையில் பிரெஞ்சில் பேசுகிறார்கள், அதைத் தடைசெய்யுங்கள், மீறினால் 25 சதம் தண்டப்பணம் வாங்குங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படிச் செய்யப்போவதில்லை. செய்து பார்த்தவன் நான். பல வருடங்களுக்கு முன் வேறொரு வகுப்பில் மேசைமேல் பால்மா ரின் ஒன்றை வைத்து, ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு 25 சதம் என்று அறிவித்தேன். இரண்டாம் கிழமை ஒரு பையன் ஒரு டொலர் குற்றியைப் போட்டுவிட்டு, "சேர், நாலு தரம்" என்றான். அன்றைக்கே ரின்னை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

லாஃபொன்டேனுக்கு வருகிறேன். 1837, 38இல் இங்கே பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்து அடக்கப்பட்ட பிறகு, லண்டனிலிருந்து வந்த டர்ஹம் பிரபு ஓர் அறிக்கை எழுதினார். பிரெஞ்சுக் கனேடியர் வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள், அவர்களை ஆங்கிலத்துக்குள் கரைத்துவிடுவதே அவர்களுக்கும் நல்லது என்பது அவருடைய முடிவு. அதன்படி பிரெஞ்சுப் பகுதியையும் ஆங்கிலப் பகுதியையும் ஒரே சட்டசபையின் கீழ் சேர்க்கும் இணைப்புச் சட்டம் 1840இல் வந்தது. சனத்தொகை கூடிய பிரெஞ்சுப் பகுதிக்கு 42 ஆசனம், குறைந்த ஆங்கிலப் பகுதிக்கும் 42 ஆசனம். அந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சட்டசபையின் ஏடுகளும் பதிவுகளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. பிரெஞ்சில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மூலப்பிரதியின் தகுதி கிடையாது. வாயால் பேசத் தடையில்லை, எழுத்தில் ஏறாது, அவ்வளவுதான். சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956ஐத் தாண்டி வந்த நமக்கு இதற்குப் பொழிப்புரை தேவையில்லை.

பூசெர்வில்லில் பிறந்த வழக்கறிஞரான லாஃபொன்டேன், 1841 தேர்தலில் தன் சொந்தத் தொகுதியான டெரபோனில் நின்றார். வாக்களிப்பு நிலையத்தை ஆங்கிலம் பேசுவோர் குடியேறிய நியூ கிளாஸ்கோவில் கொண்டுபோய் வைத்தார்கள். பொல்லுகளோடு ஆட்கள் வழிமறித்து நின்றார்கள். இரத்தம் சிந்த வேண்டாமென்று அவர் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

இந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்லப்போகிறேன். ஒன்ராறியோப் பக்கத்துச் சீர்திருத்தவாதி ரொபர்ட் போல்ட்வின் இரண்டு தொகுதிகளில் வென்றிருந்தார். காலியான ஒன்றை லாஃபொன்டேனுக்குக் கொடுத்தார். டொரோண்டோவுக்கு வடக்கே, நியூமார்க்கெட் பக்கம், ஆங்கிலம் பேசும் கமக்காரர்களின் தொகுதி அது. அந்த மக்கள் பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு வாக்களித்து அனுப்பினார்கள். பிறகு போல்ட்வின் தோற்றபோது, 1843இல் பிரெஞ்சுக்காரரின் ரிமூஸ்கி அவரைத் தெரிவுசெய்தது. கைம்மாறு என்றால் அது கைம்மாறு. அரசியல் கணக்கும் அதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

1842 செப்டெம்பர் 13. சட்டசபை கூடியது கிங்ஸ்டனில், நோயாளர்களுக்காகக் கட்டிய வைத்தியசாலைக் கட்டடத்தில். லாஃபொன்டேன் எழுந்து பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று ஓர் உறுப்பினர் இடைமறித்தார். லாஃபொன்டேனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன பதிலின் சாரம் இது: எனக்கு ஆங்கிலம் பிரெஞ்சளவுக்குக் கைவந்திருந்தாலும், இந்தச் சபையில் என் முதல் உரையை என் மக்களின் மொழியிலேதான் ஆற்றியிருப்பேன், மக்களில் பாதிப்பேரின் தாய்மொழியை ஒதுக்கிய அந்தப் பிரிவுக்கு எதிர்ப்புக் காட்டவாவது அப்படிச் செய்திருப்பேன்.

41ஆம் பிரிவு எட்டு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. 1848இல் லண்டன் பாராளுமன்றமே அதை நீக்கியது. அதே வருடம் லாஃபொன்டேன் அரசாங்கத் தலைவரானார். 1849 சனவரி 18 அன்று, மொன்றியலில் இப்போது பிளாஸ் டியூவில் சதுக்கம் இருக்கும் இடத்தில், ஆளுநர் எல்ஜின் பிரபு அரியணை உரையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுப் பிரெஞ்சிலும் வாசித்தார். மூன்று மாதத்தில், கிளர்ச்சியில் அழிந்த சொத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்தால் கொதித்த ஆங்கிலக் கும்பல் அந்தப் பாராளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. உள்ளிருந்த நூலகமும் எரிந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஐக் கண்ணால் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அதை நீங்களே சொல்லுங்கள், நான் சொல்வதைவிட நன்றாக இருக்கும்.

பெண்பிள்ளைகள் எப்படியும் ஒரு கேள்வி கேட்பார்கள். அதே 1849இல் பெண்கள் வாக்களிக்க முடியாதென்று சட்டம் போட்டதும் இவருடைய அரசாங்கம்தான். சிலையின் முன்னால் நின்று அதையும் சொல்வேன்.

சரி, விண்ணப்பம். அந்த மனிதர் அன்று ஆங்கிலத்தை யாரும் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. முதல் பேச்சு எந்த மொழியில் என்பதைத் தானே தெரிவுசெய்தார். நம் பிள்ளைகள் 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போகிறவர்கள். விளையாட்டு, சண்டை, இரகசியம் எல்லாம் அவர்களுக்குப் பிரெஞ்சில்தான் வரும். போன கிழமை நடைபாதையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சின்னவன் ஒருவனுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்ற விளக்கம் முழுக்கப் பிரெஞ்சில். அவன் சொன்ன "மழை" மட்டும் தமிழில், சுத்தமாக. யாரிடம் நான் 25 சதம் வாங்குவது?

ஆகவே இடைவேளை அவர்களுடையது. வகுப்புக்குள் மட்டும் ஒரு மாற்றம்: ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறக்கும் முதல் வசனம் தமிழில் இருக்க வேண்டும். தடுமாறினால் பிறகு பிரெஞ்சுக்குப் போகலாம். வாணி விழா மேடையிலும் இதுவே. மனனம் செய்த பேச்சு இந்த வருடம் இல்லை. தலைப்பை அன்றைக்குத்தான் கொடுப்போம், இரண்டு நிமிடம் பேசினால் போதும். பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். போன வருடம் ஒன்பது வயதுப் பிள்ளை "புலம்பெயர் வாழ்வியலின் பண்பாட்டு நெருக்கடி" என்று முழங்கியபோது எழுதியவர் மூன்றாம் வரிசையில் உதடசைத்துக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

பூங்காவுக்குப் புறப்படுவது காலை 10 மணிக்கு, ஷேர்புரூக் மெற்றோ வாசலிலிருந்து. மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். குளத்தடியில் இருந்து சாப்பிடுவோம். மழையென்றால் அடுத்த சனிக்கிழமை. கூட வரக்கூடிய பெற்றோர் நான்கு பேர் தேவை.

ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தமிழில் நிரப்புங்கள். சென்ற சுற்றுலாவுக்கு வந்த படிவங்களில் இரண்டு மூன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

அன்புடன்,
அதிபர்