வலிப் பயிற்சியில் எங்களோடு இருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போதைப் பழக்கம் இருந்தவர்களின் வலிக்கு எப்படி மருத்துவம் பார்ப்பது என்ற அந்தப் பயிற்சி முடிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. நாலு நோயாளிகளைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, மாதங்கள் ஓடிவிட்டன.

முதலில், நோயாளியாக நடித்தவருக்கு. முதுகுவலி, முன்பு ஹெராயின் பழக்கம் என்று உங்கள் தாளில் இருந்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நான் பழக்கத்தையே குடைந்தேன்: கடைசியாக எப்போது, எவ்வளவு, யாரிடம் வாங்கினீர்கள். கிட்டத்தட்ட போலீஸ் விசாரணை. முடிந்ததும், "டாக்டர், எந்தக் கால் மரத்துப்போகிறது என்று கேட்கவே இல்லையே" என்றீர்கள். நீங்கள் அவ்வளவு நேரமும் நாற்காலியில் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அடுத்து, மருந்தாளுநர் அக்காவுக்கு. ஹெராயின் போன்ற பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் ப்யூப்ரனார்ஃபினை ஒரு வேளை நாக்கடியில் வைத்தால் போதை ஏக்கத்தை ஒரு நாள் முழுக்கத் தாங்கும். வலியைக் குறைப்பதோ ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான். அதே அளவை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்தால் வலிக்கும் உதவும் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், இதே மருந்தில் இருந்த ஒருவர், "சாயங்காலமானால் வலி திரும்பிவிடுகிறது" என்றார். "போதைக்காக மருந்து கேட்டு வருபவர்" என்று கோப்பில் எழுதினேன். அவர் அப்புறம் வரவேயில்லை. அவர் சொன்னது அத்தனையும் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கிறது.

ஆசிரியருக்கு: 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த அந்த ஐந்து வாக்கியக் கடிதத்தை வாசிக்க வைத்தீர்களே, அதற்கு. வலிக்கு ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து, கொடுத்தால் அடிமையாவது அரிது என்பதற்கு எத்தனையோ பேர் காட்டிய ஆதாரம் அது. "இதில் நாள்பட்ட வலி எங்கே இருக்கிறது?" என்று கேட்டீர்கள். எங்குமில்லை, மருத்துவமனையில் படுத்திருந்தவர்களின் கணக்கு மட்டுமே. மறுபக்கத்தையும் விடவில்லை: 2016-இல் அமெரிக்க மருத்துவ வழிகாட்டி நூல் ஓபியாய்டு பற்றி எச்சரித்ததும், பலருக்கு மருந்தைச் சட்டென்று நிறுத்தினார்கள். நோயாளிகள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2022-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அள்ளிக்கொடுத்ததும் தவறு, பிடுங்கியதும் தவறு.

செவிலியருக்கும் நன்றி, ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது காப்பாற்றும் நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயை வீட்டாருக்குச் செய்து காட்டுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பழக்கத்திலிருந்து மீண்டு, வகுப்புக்கு வந்து பேசியவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு வலிக்கும் பயம், மார்ஃபினுக்கும் பயம் என்று படுத்திருந்ததைச் சொன்னீர்கள். மாத்திரைகளைத் தங்கையிடம் கொடுத்துவைக்கும் யோசனை உங்களுடையது, எந்த டாக்டருடையதும் இல்லை.

போன வாரம் ஒருவர் வந்தார். கோப்பின் மேல் சிவப்பு மையில் பழைய பழக்கம் எழுதியிருந்தது. சரி, அது இருக்கட்டும் என்று, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். சர்க்கரையால் வந்த நரம்புவலி, ராத்திரியில் எரிகிறதாம். நரம்புவலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலினையும் போதைக்கு எடுப்பவர்கள் உண்டு என்று வகுப்பில் கேட்டது நினைவுக்கு வர, அதே வலிக்கான இன்னொரு மருந்தான டுலாக்செட்டினில் ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் மாணவிகளில் ஒருத்தி