நிரப்பாமல் திருப்பி அனுப்பும் படிவம்

சேகரத்து மிஷன் கமிட்டியாருக்கும் சபையார் எல்லாருக்கும் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து ஸ்தோத்திரம்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. செயலர் அண்ணாச்சி கொடுத்தனுப்பிய மாதாந்தர அறிக்கைப் படிவம் மேஜைமேல் கிடக்கிறது. சந்தித்த ஆத்துமாக்கள் எத்தனை, கொடுத்த கைப்பிரதிகள் எத்தனை, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்கள் எத்தனை, பிள்ளைகளோடு எடுத்த படங்கள் ஐந்துக்குக் குறையாமல். மூன்று தடவை பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கமிட்டி அறையில் வாசித்து மடித்து வைத்துவிடாமல் கோயில் பலகையில் ஒட்டுங்கள். கைப்பிடி அரிசி எடுத்து வைத்து என்னை அனுப்பிய அம்மாமாரும் வாசிக்கட்டும்.

முதல் கேள்வியிலேயே எனக்குச் சிக்கல். 2018 கணக்கெடுப்பின்படி மலாவியில் நூற்றுக்கு 77 பேர் கிறிஸ்தவர்கள். நம் நாட்டில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். ஒரு பாடகர் குழு உட்கார்ந்தால் அடுத்த குழு எழுந்தது. காணிக்கைக்கு ஆடிக்கொண்டே முன்னால் போனார்கள். மூன்று மணி நேரம் ஆனது. ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. (நம் கோயிலில் பிரசங்கம் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பது நம் போதகர் ஐயருக்குத் தெரியும்.) இவர்களில் யாரைச் 'சந்தித்த ஆத்துமா' என்று எழுத?

தெருவில் என்னை மிஷனெரி என்று யாரும் நினைப்பதில்லை. இந்தியர்களுக்கு இங்கே 'அம்வென்யே' என்று பேர். பிளாண்டயர் நகரத்திலும் அதை ஒட்டிய லிம்பேயிலும் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கின்றன. மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "உன் கடை எந்தத் தெருவில்?" நர்ஸிங் பள்ளியில் பாடம் சொல்லித்தர வந்திருக்கிறேன் என்றேன். பாவம், வியாபாரம் நொடித்துப்போயிருக்கும் என்று நினைத்திருப்பார், கையைத் தட்டிக்கொடுத்தார்.

சிச்சேவா மொழியில் நமக்கு 'நீ', 'நீங்கள்' மாதிரி 'இவே', 'இனு' உண்டு. அது தெரியாமல் விடுதிச் சமையலம்மாவிடம் இரண்டாம் நாளே 'இவே' போட்டுவிட்டேன். அறுபது வயதுக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. மாணவிகள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். போய் 'பெபானி', மன்னியுங்கள் என்றேன். மறுநாள் என் தட்டில் நிசிமா ஒரு உருண்டை கூடுதலாக விழுந்தது. சோளமாவுக் களிதான் அது. பக்கத்தில் 'உசிபா' என்று ஏரியில் பிடித்த சின்னக் கருவாடு. கண்ணை மூடினால் நம் ஊர்ச் சந்தை.

சரி, வேலைக்கு வருகிறேன். ஜனவரி இங்கே மழைக்காலம், பசிக்காலமும்கூட. பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது ஏப்ரலில்தான். மலேரியாவும் அப்போதுதான் ஏறும். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், தாய்மார் தரையில். இரத்தம் வற்றி உள்ளங்கை வெளிறிப்போன பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற ஆரம்பித்தால், விடிவதற்குள் அது பால் கேட்டு அழும். அந்த அழுகையைக் கேட்கத்தான் எல்லாரும் காத்திருப்போம். சில கட்டில்களில் அது கேட்பதில்லை. அந்த வார்டுக்குள் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க என்னால் ஆகாது. நம் பாட்டிமாரையும் இப்படித்தான் வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துத் தங்கள் ஊர் மிஷன் பத்திரிகைகளில் போட்டார்கள். அந்தப் பாட்டிமாரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா?

அப்புறம், நான் பாடம் சொல்லித்தர வந்த கதை. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளைப் பற்றி முதல் வாரம் நீளமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, இந்தச் சிகிச்சை முறை எங்கள் நாட்டில் தொடங்கியதல்லவா என்றாள். உண்மைதான். சி.டி.4 எண்ணிக்கை, அதாவது இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கு, அதைப் பார்க்கும் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. அதனால் அந்த எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல், நோய் உறுதியான கர்ப்பிணிக்கு உடனே மருந்தைத் தொடங்கி ஆயுள் முழுக்கக் கொடுப்பது என்று 2011-ல் துணிந்தது மலாவி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் அது வந்தது 2013-ல். குறிப்பை மூடிவிட்டு, நீயே சொல் என்றேன். நன்றாகவே சொன்னாள்.

ஜனவரி 15 இங்கே அரசு விடுமுறை, சிலெம்ப்வே நாள். நம் மிஷனெரி ஞாயிற்றுப் பேச்சில் லிவிங்ஸ்டன் என்றால் ஒருவர்தான். இங்கே அந்தப் பெயரைச் சொன்னதும் கூட வேலைபார்க்கும் ஆசிரியர், "எந்த லிவிங்ஸ்டன்?" என்று கேட்டார். ஒருவர் நமக்குத் தெரிந்த மிஷனெரி டாக்டர் டேவிட். அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர்தான் பிளாண்டயருக்கு. இன்னொருவர் மகோமெரோ எஸ்டேட்டை நடத்திய வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். அந்த எஸ்டேட் நிலத்தில் குடியிருந்தவர்கள் வாடகைக்கு ஈடாக உழைத்துக் கழிக்க வேண்டும், 'தங்காட்டா' என்பார்கள். அங்கே எழும்பிய ஜெபவீடுகளை அவர் எரித்தார். 1915 ஜனவரியில் ஜான் சிலெம்ப்வே என்ற பாப்திஸ்து போதகரின் ஆட்கள் எழும்பி அந்த லிவிங்ஸ்டனைக் கொன்றார்கள். பிறகு ஆங்கிலேய அரசு சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றது. அவர் கட்டிய செங்கல் கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தது. இன்று ரூபாய் நோட்டில் காந்தி மாதிரி, மலாவியின் குவாச்சா நோட்டில் அவர் முகம். கதையை முடித்துவிட்டு அந்த ஆசிரியர், "நீங்கள் எந்த லிவிங்ஸ்டன் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பழைய துணி இருபது பெட்டி சேர்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். மேல்நாட்டார் கழித்துவிட்ட துணி மூட்டை மூட்டையாக வந்து இங்கே சந்தையில் குவிகிறது. 'கவுஞ்சிகா' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. புதுத்துணி தைத்துப் பிழைக்கும் தையற்காரர் அதோடு போட்டிபோட முடியுமா? அந்தப் பெட்டிகளைக் கப்பலேற்றும் செலவில் இரண்டு மாணவிகளின் படிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். அதுவும் இங்குள்ள சபை கேட்டால், கேட்ட பிறகு.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம். ஆண்டுதோறும் அவர் பெயரைச் சொல்லிக் காணிக்கை எடுக்கிறோம். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிமாரை வைத்துக்கொண்டே அவர் சொன்னதை மறந்துவிட்டோம். உங்கள் ஆஸ்தியை அன்னதானம் பண்ணினீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். அன்றைக்குக் கேட்கிற பக்கத்தில் நாம் இருந்தோம். இன்றைக்கு அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் படிவத்தை எழுதியவர் எந்தப் பக்கத்தில் இருந்து எழுதினார் என்று கமிட்டியே சொல்லட்டும். சிநேகிதர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. இருந்தால் 'இரண்டு, மூன்றாவது சந்தேகம்' என்று எழுதியிருப்பேன். சந்தேகம் சமையலம்மாதான்.

இங்குள்ள பெண்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் நாட்டில் கிறிஸ்தவர்கள் எவ்வளவு என்று கேட்டார்கள். நூற்றுக்கு இரண்டு என்றதும், ஐயோ என்று வாயில் கைவைத்தார்கள். புதன்கிழமை ஜெபத்தில் நம் சேகரத்தின் பேரையும் சேர்த்துவிட்டார்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொன்னார்கள். ஊர்ப் பெருமையைக் காப்பாற்றுவதற்காக நான் நம் தேர்தல் சண்டையையும் கோர்ட் வழக்குகளையும் இன்னும் சொல்லவில்லை. அடுத்த புதனுக்குள் ஜெபக் குறிப்புகளை அனுப்புங்கள். எதைச் சேர்ப்பது என்று கமிட்டி கூடி முடிவுசெய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்து நர்ஸம்மா